பிலிட்டில்: ஆளைச் சின்னதாக்கும் ஒரு வினைச்சொல்

திட்டுவது வேறு, அவமானப்படுத்துவது வேறு, மட்டம் தட்டுவது வேறு. மூன்றாவதுக்கு ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வினைச்சொல் ‘பிலிட்டில்’. அலுவலகப் புகார்க் கடிதத்தில் வரும், விவாகரத்து மனுவில் வரும், தொலைக்காட்சித் தொடரின் வசனத்தில் வரும். ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர்களும் இதைத் தாராளமாக அள்ளிப் போடுகிறார்கள். பல நேரம் அது ‘இன்சல்ட்’ என்று இருக்க வேண்டிய இடமாக இருக்கும்.

சொல்லின் கட்டுமானம் எளிது. ‘லிட்டில்’ என்றால் சிறிய. முன்னால் ஒட்டியிருக்கும் ‘பி’ ஆங்கிலத்தின் பழைய முன்னொட்டு. பெயரையோ பெயரடையையோ பிடித்து அது வினையாக்கிவிடும். ஒருவரை நண்பராக்கிக்கொண்டால் ‘பிஃப்ரெண்ட்’, காற்று நின்றுபோய்ப் பாய்மரக் கப்பல் நடுக்கடலில் கிடந்தால் ‘பிகாம்ட்’. அதே கணக்கில் ‘பிலிட்டில்’ என்றால் சிறிதாக்கு. உச்சரிக்கும்போது அழுத்தம் ‘லிட்’டில் விழும்.

இந்தச் சொல்லின் சூட்சுமம் முழுவதும் அந்த ‘லிட்டில்’ என்பதற்குள் இருக்கிறது. இது அளவு பற்றிய சொல். ஒருவரைத் திட்ட அவருக்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. தெருவில் போகிற யாரையும் திட்டலாம். பிலிட்டில் பண்ண வேண்டுமென்றால் அவரிடம் குறைப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஒரு சாதனை, ஒரு வலி, ஒரு பங்களிப்பு, ஒரு ஆசை. எதிராளியிடம் ஏதோ இருக்கிறது என்பதைச் செய்கிறவரும் உள்ளூர அறிவார். அதனால்தான் குறைக்கிறார்.

சொல் பிறந்த கதையே ஓர் அளவுச் சண்டை. 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோன் பெரிய புள்ளி. அமெரிக்கக் கண்டத்தின் குளிரும் ஈரமும் உயிர்களை வளரவிடாது, அங்கே விலங்குகள் ஐரோப்பாவில் இருப்பதைவிடச் சிறியவை, வகைகளும் குறைவு, இங்கிருந்து கொண்டுபோன மாடும் ஆடும்கூட அங்கே போய்ச் சிறுத்துவிடும் என்று அவர் எழுதினார். பூர்வகுடி மக்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தார். அடுத்து வந்த ரேனால் பாதிரியார் ஒரு படி மேலே போய், அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்களுக்கும் அதே கதிதான் என்றார்.

புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்காரர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! பாரிஸில் அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின் கொடுத்த ஒரு விருந்தில் ரேனால் இதே பேச்சை எடுத்தார். மேசையின் ஒரு பக்கம் அமெரிக்கர்கள், மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்கள். எல்லோரும் எழுந்து நில்லுங்கள், இயற்கை எந்தப் பக்கம் சிறுத்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்றார் பிராங்க்ளின். அமெரிக்கர்கள் நெடுநெடுவென்று நின்றார்கள். ரேனால் குள்ளம். இந்தக் கதையைப் பிற்காலத்தில் எழுதிவைத்தவர், அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன்.

ஜெபர்சனின் பதில் கொஞ்சம் நீளம். வர்ஜீனியாவைப் பற்றிய குறிப்புகள் என்ற புத்தகத்தில் இரு கண்டத்து விலங்குகளின் எடைகளையும் அட்டவணை போட்டு அடுக்கினார். புத்தகம் 1785இல் பாரிஸில் தனிச்சுற்றுக்காக அச்சானது. 1787இல் லண்டன் பதிப்பு வந்தது. அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் இயற்கை தன் படைப்புகளைச் சிறிதாக்குகிறது என்ற கொள்கையை பூஃபோன் இவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறார் என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்தச் ‘சிறிதாக்குகிறது’ என்ற இடத்தில்தான் ‘பிலிட்டில்’ உட்கார்ந்திருக்கிறது. சொல்லை உருவாக்கியவர் என்று பொதுவாக ஜெபர்சனையே காட்டுகிறார்கள். அப்போது அதற்கு நேர்ப்பொருள் மட்டும்தான்: உடம்பளவில் சிறிதாக்குவது. ஆளை மட்டம் தட்டுவது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு, அசலைத் துரத்திவிட்டது. இன்று ஒரு பொருளை உருவத்தில் சிறிதாக்கியதைச் சொல்ல யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை.

அட்டவணை போதாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு மூஸையே பாரிஸுக்கு வரவழைத்தார் ஜெபர்சன். மூஸ் என்பது வட அமெரிக்காவின் மாபெரும் மான். உங்கள் கலைமான் எங்கள் மூஸின் வயிற்றுக்கு அடியில் நடந்து போகலாம் என்று பூஃபோனிடம் சொல்லியிருந்தார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத் தலைவர் ஜான் சல்லிவன் பனிக்காலத்தில் ஆள் அனுப்பி ஒன்றை வேட்டையாடி, எலும்பையும் தோலையும் கப்பலேற்றினார். 1787இல் அது வந்து சேர்ந்தபோது முடி உதிர்ந்து, பார்க்கச் சகிக்காத நிலையில் இருந்தது. கொம்புகள்கூட வேறு மான்களுடையவை. பூஃபோன் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார்.

லண்டனில் மூஸைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். 1787இல் அங்கே வந்த ஒரு விமர்சனம், இதென்ன சொல், வர்ஜீனியாவில் வேண்டுமானால் நாகரிகமாக இருக்கலாம், எங்களால் இதன் பொருளை ஊகிக்கத்தான் முடிகிறது என்று கிண்டலடித்தது. அமெரிக்காவைச் சிறிதாக்குகிறார்கள் என்று சொல்ல வந்த சொல்லையே இங்கிலாந்து மட்டம் தட்டியது! அமெரிக்கக் கொச்சை என்ற முத்திரை கொஞ்ச காலம் அதன் மேல் இருந்தது. இன்று லண்டன் நாளிதழ்களில் அது இல்லாத வாரம் இருக்காது.

கதையை இந்த இடத்தில் நிறுத்துகிறவர்கள் அதிகம். எனக்கு அதே புத்தகத்தின் இன்னொரு பக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. அடிமைத்தனம் பற்றிப் பேசும் பகுதியில், கறுப்பின மக்கள் அறிவில் தாழ்ந்தவர்களாக இருக்கலாம் என்ற தன் சந்தேகத்தை ஜெபர்சன் எழுதுகிறார். அதற்கு எதிராக எடுத்துக்காட்டக்கூடிய ஒரு பெயர் அப்போது இருந்தது: பிலிஸ் வீட்லி. ஏழெட்டு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் 1761இல் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டவர். 1773இல், இருபது வயதை ஒட்டி, லண்டனில் அவருடைய கவிதைத் தொகுப்பு வெளியானது. ஓர் அடிமைப் பெண் இதை எழுதியிருப்பாளா என்று சந்தேகப்பட்டவர்களுக்காக, ஆளுநர் உட்பட பாஸ்டனின் 18 பிரமுகர்கள் கையெழுத்திட்ட சான்று புத்தகத்தின் முன்னால் சேர்க்கப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் 1776இல் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

ஜெபர்சன் என்ன செய்கிறார்? மதம் ஒரு பிலிஸை உருவாக்கியது, ஆனால் ஒரு கவிஞரை உருவாக்க அதனால் முடியவில்லை என்கிறார். அவர் பெயரில் வெளியான ஆக்கங்கள் விமர்சனத்தின் தகுதிக்குக் கீழே இருக்கின்றன என்கிறார். வீட்லி என்ற பெயரை ‘வாட்லி’ என்பது போல வேறு எழுத்துகளில் எழுதிவைக்கிறார்.

இந்த இரண்டு வாக்கியங்களில் ஒரு வசவுகூடக் கிடையாது. கவிதை மோசம் என்றுகூடச் சொல்லவில்லை. மோசம் என்று சொன்னால் ஏன் என்று விளக்க வேண்டும், ஒரு வரியையாவது எடுத்துக் காட்ட வேண்டும். தகுதிக்குக் கீழே என்று சொல்லிவிட்டால் அந்த வேலை மிச்சம். ‘எழுதிய’ என்று சொல்லாமல் ‘பெயரில் வெளியான’ என்று சொல்வதில், 18 பேர் கையெழுத்துப் போட்டும் தீராத அந்தப் பழைய சந்தேகம் மறுபடி உள்ளே நுழைகிறது. திறமை இருந்தால் அது மதத்தின் வேலை, அவளுடையது இல்லை. பெயர் கூடச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இது கவனக்குறைவாகவும் இருக்கலாம், ஆனால் பூஃபோன் பெயரில் அப்படி நடக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு இன்று இருக்கும் பொருளை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அகப்படாது. சொல்லைத் தந்தவரே செயலையும் ஒரே அட்டைக்குள் செய்துகாட்டிவிட்டார். வீட்லி இதைப் படிக்கவில்லை. புத்தகம் அச்சாவதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதத்தில், 1784 டிசம்பரில், இறந்துவிட்டார்.

இனி வாக்கியத்துக்குள் இந்தச் சொல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கலாம். இது செயப்படுபொருளை நேரடியாக எடுக்கும் வினை. என்னைப் பற்றி மட்டமாகப் பேசினான் என்று தமிழில் யோசித்துவிட்டு ‘ஹி பிலிட்டில்டு அபவுட் மீ’ என்று எழுதுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த ‘அபவுட்’ தேவையில்லை. ‘பிலிட்டில் டவுன்’ என்பதும் தவறு. கீழே தள்ளுவது ‘புட் டவுன்’ என்ற தொடரின் வேலை. செயப்படுபொருள் ஆளாகவும் இருக்கலாம், அவர் செய்ததாகவும் இருக்கலாம். நல்ல எழுத்தில் இரண்டாவது வகை நிறைய வரும்: உழைப்பு, சாதனை, பங்களிப்பு, துயரம், பிரச்சினை. அடுத்தவர் துயரத்தைச் சிறிதாக்குவதற்கும் இதே சொல் பொருந்துவது கவனிக்க வேண்டியது. இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று கேட்கிறவர் யாரையும் அவமதிக்கவில்லை, ஆனால் பிலிட்டில் பண்ணியிருக்கிறார்.

‘குறைத்து மதிப்பிடுதல்’ என்று இதை மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. கொஞ்சம் பிசகும். குறைத்து மதிப்பிடுவது கணிப்பில் நேரும் பிழை. எதிரணியின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டுத் தோற்றுப்போகலாம்; அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு ‘அண்டரெஸ்டிமேட்’ இருக்கிறது. பிலிட்டில் என்பது மனதுக்குள் நடந்து முடிகிற காரியம் கிடையாது, வெளியே வர வேண்டும். பேச்சில், முகபாவத்தில், ஒரு பெருமூச்சில், கேட்காதது போல அடுத்த விஷயத்துக்குத் தாவுவதில். நம் ‘மட்டம் தட்டுதல்’தான் நெருங்கி வருகிறது. ‘சிறுமைப்படுத்துதல்’ அகராதிப்படி மிகச் சரி, ஆனால் பேச்சில் அது அவமானப்படுத்துவதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

இன்னொரு வினோதம்: தன்மையில் இந்த வினை வருவது அபூர்வம். அவன் என்னைப் பிலிட்டில் பண்ணினான் என்பார்கள், நீ எப்போதும் அவளைப் பிலிட்டில் பண்ணுகிறாய் என்பார்கள். நான் உன்னைப் பிலிட்டில் பண்ணுகிறேன் என்று யாரும் அறிவிப்பதில்லை. வாக்குறுதி தருகிறேன், மன்னிப்புக் கேட்கிறேன், பந்தயம் கட்டுகிறேன் என்று சொன்னால் சொல்வதே செயலாகிவிடும். மொழித் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இந்த வகை வினைகளைத்தான் அலசினார். அவமதிப்புக்கு அப்படி ஒரு வாய்பாடு இல்லை என்பது அவருடைய அவதானிப்புகளில் ஒன்று. கூடவே ஒரு விதிவிலக்கையும் சொல்கிறார். வாள் சண்டை கோலோச்சிய காலத்து ஜெர்மன் மாணவர் சங்கங்களில், எதிர்ச் சங்கத்துக்காரர்கள் வரிசையாக நிற்க, இவர்கள் அணிவகுத்துப் போய், தேர்ந்தெடுத்த ஆளிடம் மிகுந்த மரியாதையுடன் ‘அவமதிப்பு’ என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு நகர்வார்களாம். சண்டைக்கு அது போதும்.

மட்டம் தட்டுவதற்கு அந்த வசதி ஒருபோதும் வராது. உன்னை மட்டம் தட்டுகிறேன் என்று சொன்ன நொடியில், குறைக்கப்பட வேண்டிய அளவுக்கு நீ பெரியவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே தன்மையில் இது எதிர்மறையாகவே வருகிறது. ‘ஐ டோன்ட் மீன் டு பிலிட்டில் யுவர் எஃபர்ட், பட்...’ என்று. உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வரவில்லை, ஆனால் என்று. அந்த ‘ஆனால்’ வந்ததும் எது வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பம் பெரியது. ‘டிஸ்பாரேஜ்’ சொத்துபத்துக் குடும்பங்களின் திருமணத்திலிருந்து வந்த சொல். தகுதிக்குக் குறைந்த இடத்தில் மணம் முடித்துவைப்பதுதான் அதன் பழைய பிரெஞ்சுப் பொருள். இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான 1215இன் மாக்னா கார்ட்டாவின் 6ஆவது பிரிவு, வாரிசுகளுக்கு அப்படிப்பட்ட மணம் செய்துவைக்கக் கூடாது என்கிறது. இன்று அது சட்ட வாடை உள்ள சொல். அமெரிக்காவின் 1946 வணிகக்குறிச் சட்டம், ஆட்களையோ நம்பிக்கைகளையோ இழிவுபடுத்தும் பெயர்களைப் பதிவு செய்யத் தடை போட்டிருந்தது. அதில் இருந்த வினை ‘டிஸ்பாரேஜ்’. ஆசிய வம்சாவளியினரின் ‘தி ஸ்லான்ட்ஸ்’ என்ற ராக் இசைக்குழு, தங்களைக் கேலி செய்யும் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு பதிவு கேட்டது. மறுக்கப்பட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2017இல் அந்தத் தடையே பேச்சுரிமைக்கு முரண் என்று தீர்ப்பாகிவிட்டது. இந்த இடங்களில் ‘பிலிட்டில்’ வராது. டிஸ்பாரேஜ் ஒருவரின் நற்பெயரைத் தாக்குகிறது, அதுவும் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால், மூன்றாம் ஆளிடம். பிலிட்டில் முகத்துக்கு நேரேயும் நடக்கும்.

‘டெனிகிரேட்’ லத்தீனில் கறுப்பாக்குவது. அந்த வேர் தெரிந்தவர்களில் சிலர் அதைத் தவிர்க்கிறார்கள். ‘ஹியூமிலியேட்’ மண்ணோடு சேர்ப்பது, அதற்குப் பெரும்பாலும் பார்வையாளர்கள் வேண்டும். ‘டிஸ்ரெஸ்பெக்ட்’ என்பதன் சுருக்கமான ‘டிஸ்’ ஹிப்ஹாப் வழியாக உலகம் சுற்றியது. இவற்றில் சுவாரசியமானது ‘கண்டிசென்ட்’. ஒரு காலத்தில் அது புகழ்ச்சி. உயர்ந்த இடத்தில் இருக்கும் சீமாட்டி கீழே இறங்கிவந்து உங்களோடு சாதாரணமாகப் பேசினால் அது அவருடைய பெருந்தன்மை. யாரும் பிறப்பால் மேலே இல்லை என்ற எண்ணம் பரவியதும் இறங்கி வருவதே குற்றமாகிவிட்டது: நீ எப்போது மேலே போனாய், இப்போது இறங்குவதற்கு?

நடைமுறையில் மட்டம் தட்டும் வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரிய சொற்கள் எதுவும் இருக்காது. ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட்’, ‘ஒன்லி’, ‘ஆக்சுவலி’ போன்ற பொடிச் சொற்கள்தான் வேலையைச் செய்யும். உன் கட்டுரை நன்றாக இருக்கிறது என்பது பாராட்டு. அதில் ஒரு ‘ஆக்சுவலி’ விழுந்தால், நன்றாக இருக்காது என்றுதான் நினைத்தேன் என்பது கூடவே வந்துவிடும். தமிழில் இதற்குத் தனிச்சொல்கூட வேண்டாம், ஓர் எழுத்து போதும். “உனக்குத் தெரிஞ்சிருக்கு” என்பதும் “உனக்கே தெரிஞ்சிருக்கே!” என்பதும் ஒன்றா? “நீயும் எழுதுறியா?” என்பதை விசாரிப்பாகவும் கேட்கலாம், குத்தலாகவும் கேட்கலாம். “நீகூட எழுதுறியா?” என்பதில் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும். “பரவாயில்லையே” என்ற சொல் எத்தனை பேரின் மகிழ்ச்சியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறது!

இப்படிச் சின்ன அசைகளில் நடப்பதால் நிரூபிப்பது பெரும்பாடு. என்ன சொன்னான் என்று கேட்டால் திருப்பிச் சொல்ல எதுவும் இருக்காது. சொன்னதை அப்படியே சொன்னால் பாராட்டு மாதிரி இருக்கும். புகார்களில் ‘ஐ ஃபெல்ட் பிலிட்டில்டு’ என்ற வடிவம் இவ்வளவு அதிகமாக வருவதற்கு அதுதான் காரணம். என்ன நடந்தது என்பதை நிறுவ முடியாதபோது என்ன உணர்ந்தேன் என்பதைச் சொல்கிறார்கள். இதில் ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. வேலையில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டியவரையும் இதே வாக்கியத்தால் மடக்கிவிடலாம். என் அளவுகோல் இதுதான்: பிழையைச் சொல்கிறவர் எந்த வரி, எந்த எண், எந்த நாள் என்று கை வைத்துக் காட்டுவார். மட்டம் தட்டுகிறவர் அந்தப் பக்கமே போக மாட்டார். ஜெபர்சனைப் போலவே, விமர்சிக்கும் அளவுக்குக்கூட இல்லை என்று முடித்துக்கொள்வார்.

சட்டம் இதைத் தொட வேண்டிவந்தபோது ஒற்றை வாக்கியத்தை விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப நடப்பதைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015இன் கடுங்குற்றச் சட்டத்தின் 76ஆவது பிரிவு, துணைவர் மீதோ குடும்பத்தினர் மீதோ கட்டுப்படுத்தும் அல்லது நெருக்கும் நடத்தையைத் தொடர்ந்து செலுத்துவதைக் குற்றமாக்கியது. அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அப்போது அரசு வெளியிட்ட வழிகாட்டியில், இத்தகைய நடத்தைகளின் பட்டியலில், நீ எதற்கும் லாயக்கில்லை என்பது போலச் சொல்லி ஒருவரைத் திரும்பத் திரும்ப மட்டம் தட்டுவதும் இருக்கிறது. ஒருநாள் சொன்ன “பரவாயில்லையே”வை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. அதே தொனி பல மாதங்கள் நீடித்து, அந்த ஆளின் அன்றாட வாழ்க்கையையே குலைத்திருந்தால் எடுத்துக்கொள்ளும்.

தன்னையே குறைத்துக்கொள்வதற்கும் இதே வினைதான். கூடவே ‘யுவர்செல்ஃப்’ சேர்ந்துகொள்ளும். அது பெரும்பாலும் ‘டோன்ட்’ போட்டு, நண்பர் வாயிலிருந்துதான் வரும். ஏதோ கிறுக்கியிருக்கேன், படிச்சுப் பாருங்க என்று கையெழுத்துப் பிரதியை நீட்டுகிறவரிடம் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். தமிழில் அந்த ‘ஏதோ’ வெறும் அவையடக்கமாகவும் இருக்கலாம். ஆமாம், கிறுக்கல்தான் என்று ஒத்துக்கொண்டு பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.